புதுப்பிப்பு: செவலை தெருவுக்குத் திரும்பியாச்சு

பைக் மோதிப் பின்னங்கால் உடைஞ்சு கிடந்த எங்க தெரு செவலை நாய்க்கு உதவி கேட்டு இங்கே எழுதியிருந்தேன். நீங்க சொன்ன மீட்பு அமைப்பு ஆம்புலன்ஸ்ல வந்து தூக்கிட்டுப் போனாங்க. காலுக்கு பிளேட் வெச்சு, கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி எல்லாம் முடிச்சு விட்டுட்டாங்க. காது நுனி வெட்டியிருக்கேன்னு பதறாதீங்க, கருத்தடை ஆனதுக்கு அதுதான் அடையாளம்.

காப்பகத்திலேயே வெச்சிருக்கலாமேன்னு சிலர் கேட்டீங்க. தெருநாய்களுக்கான மத்திய அரசோட 2023 கருத்தடை விதிகள்படி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிஞ்சதும் பிடிச்ச இடத்துலதான் விடணும். அந்த இடம் காலியானா, கருத்தடை ஆகாத வேற நாய்கள் வந்துடும். கருத்தடை செஞ்சு அதே இடத்துல விடுற இந்த வழியை, சென்னையில ப்ளூ கிராஸ்ங்கிற விலங்கு நல அமைப்பு 1964லேயே தொடங்கினாங்க.

மீட்பு அமைப்புக்குப் பணம் அனுப்ப முடியாதவங்க அவங்களுக்குப் பழைய பெட்ஷீட், செய்தித்தாள் கொடுங்க. கூண்டுல விரிக்க தினமும் தேவைப்படுதாம்.