தேக்கடியில் கழுத்தளவு தண்ணீரில் நின்ற மிளா

தேக்கடிக் காட்டில் புலி பார்த்தவர்கள் வரிசையில் எனக்கு இடமில்லை. நான் சொல்லப்போவது அங்கே பார்த்த செந்நாய்களைப் பற்றி.

கம்பத்தில் பிறந்து வளர்ந்தும், முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய தேக்கடியில் நான் படகு ஏறியது மொத்தமே மூன்று தடவைதான். போன தை மாதம் அப்பத்தா, வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகளோடு போனது மூன்றாவது. காலை ஏழரைப் படகு. சொந்த வண்டியைக் குமுளியிலேயே நிறுத்திவிட்டு வனத்துறை பேருந்தில் போக வேண்டும் என்பதால் இருட்டிலேயே கிளம்பியாயிற்று. 2009இல் இங்கே படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இப்போது லைஃப் ஜாக்கெட் இல்லாமல் விடுவதில்லை, எழுந்து நின்றால் அதட்டல்தான். அப்பத்தாவுக்குச் சேலைக்கு மேலே அதை மாட்டி வாரை இழுத்தால், "என்னத்தா, மூட்டை கட்டுற மாதிரி கட்டுற" என்று ஒரே சிரிப்பு.

பனி விலகவில்லை. 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்னும் ஏரி நடுவே நிற்கின்றன. ஒன்றின் மேல் பாம்புத்தாரா இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. அப்பத்தாவுக்குப் பறவையில் நாட்டமில்லை. "ஏத்தா, இந்தத் தண்ணியா நம்ம வயக்காட்டுக்கு வருது?" ஆமாம் என்றேன். மலையைக் குடைந்து லோயர் கேம்ப்பில் இறங்கி, மின்சாரம் எடுத்தது போக நம் வாய்க்காலுக்கு வருகிறது என்று சொன்னதும், எட்டாத தண்ணீரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டார்.

திரும்பும் வழியில்தான் அது. ஒரு வளைவில் படகு வேகம் குறைந்தது. கரையிலிருந்து பத்துப் பதினைந்து அடி உள்ளே ஒரு பெட்டை மிளா, அதாவது கடமான், கழுத்தளவு தண்ணீரில். முதலில் அதுவும் மரக்கட்டை என்றே நினைத்தேன், காது அசையும் வரை. கரைப் புல்லில் ஐந்து செந்நாய்கள். செங்கல் நிறம், வால் மட்டும் கருகருவென்று புசுபுசுவென்று. குரைக்கவில்லை, உறுமவில்லை. இரண்டு படுத்தே கிடந்தன. ஒன்று மார்பளவு தண்ணீர் வரை இறங்கும், மிளா முன்னங்காலால் தண்ணீரை ஓங்கி அடிக்கும், அது பின்வாங்கி உடம்பை உதறிக்கொண்டு போய் உட்காரும். அப்புறம் இன்னொன்று இறங்கும்.

மிளாவுக்குத் தரை எட்டுகிற ஆழத்தில் செந்நாய் நீந்தியாக வேண்டும். நீந்துகிற நாய் பாய்ந்து கடிக்க முடியாது. மிளாவுக்கு இது தெரிந்திருக்கிறது. அவற்றுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் காத்திருந்தன. மிளாவின் மூக்கிலிருந்து மூச்சு ஆவியாக வந்துகொண்டிருந்தது. பின்தொடையில் ஒரு கிழிசல், அதைச் சுற்றித் தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. எங்கிருந்தோ ஒரு விசில் சத்தம். முன்வரிசையில் யாரோ சேட்டை செய்கிறார்கள் என்று எரிச்சலோடு திரும்பினேன். கரையில் இருந்த ஒன்றுதான் விசிலடித்திருக்கிறது! புதருக்குள்ளிருந்து அதற்குப் பதில் விசில் வந்தது. ஐந்து இல்லை, இன்னும் இருக்கின்றன.

படகில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நூறு பேர் ஏறிய படகில் இது சாதாரணமில்லை, முதல் இரண்டு தடவையும் கூச்சல்தான் நினைவிருக்கிறது. வீட்டுக்காரர் எடுத்த வீடியோவில் பாதி, முன்னால் இருந்தவரின் குல்லாய்.

"நாம அந்த நாய்களை விரட்டிவிடலாம்லம்மா?" என்றான் எட்டு வயது மகன். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பத்தா முந்திக்கொண்டார்: "அதுக குட்டியும் பசியாக் கிடக்கும்டா." சொன்னாரே தவிர, கண் மிளாவைவிட்டு நகரவில்லை.

ஐந்து நிமிடம் இருக்கும். படகு கிளம்பிவிட்டது. வளைவு தாண்டும்வரை அந்த இரண்டு காதுகளும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன.

யானை? பார்த்தோம். தூரத்தில், முதுகு மட்டும்.