ஷிம்மிக்கு ‘திசைமாற்றி அதிர்வு’ போதாது: ‘சக்கர உதறல்’ பரிந்துரை

ஐயா, வணக்கம்.

ஓடும் காரின் முன்சக்கரங்கள் தாமாக ஆடும் ‘ஷிம்மி’க்கு (shimmy) தமிழில் ‘திசைமாற்றி அதிர்வு’ என்று எழுதியிருந்தீர்கள். அது போதாது. எஞ்சின் அதிர்வும் ஸ்டியரிங் வளையத்துக்கு வரும், கோணிய பிரேக் டிரம்மின் அதிர்வும் வரும். வேகம் கூடக்கூட அவற்றின் அதிர்வெண்ணும் கூடும். ஷிம்மி வேறு. முன்சக்கரங்கள், தாம் திரும்புவதற்கான செங்குத்து ஆணியான கிங்பின்னைச் சுற்றி இடமும் வலமுமாக, தமக்குரிய அதிர்வெண்ணிலேயே ஆடும். ஒரு சிறு பள்ளம் தொடக்கிவைத்தால் போதும், வண்டியின் ஓட்டமே அதற்குத் தீனி போடும். பட்டறையில் ‘ஸ்டியரிங் உதறுது’ என்பார்கள். எனவே ‘சக்கர உதறல்’ என்பேன்.

1923க்குப் பிறகு அமெரிக்காவில் பலூன் டயர் பரவியதும்தான் இது பெருந்தொல்லையானது. ஒடுங்கிய பழைய டயரின் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய பாதிதான் இதில்; பக்கவாட்டில் நன்றாக நெகிழும். அதே காலத்தில் முன்சக்கரத்துக்கும் பிரேக் வந்து எடை கூடியது. டயரின் பக்க நழுவலுக்கு இதில் உள்ள பங்கை பிரான்சின் பொறியாளர் ப்ரூல்யே 1925லேயே எழுதிவிட்டார்.

சோதனை முறையையும் சொல்விளக்கத்தோடு சேர்க்க வேண்டும். முதலில் முன்னச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் கிங்பின் புஷ் தேய்மானம் பார்க்க வேண்டும். இரு முன்சக்கரங்களையும் சேர்ந்து திருப்பும் டை ராடின் மூட்டுகள், சக்கரச் சமநிலை, இரு டயரிலும் ஒரே காற்று ஆகியவற்றையும் சரிபார்த்த பிறகே சோதனை ஓட்டம். ஓர் ஓட்டத்துக்கு ஒரே மாற்றம்: காற்றை 5 பவுண்டு ஏற்றலாம், அல்லது வில்லுக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வைத்துக் காஸ்டர் கோணத்தை (கிங்பின்னின் பின்சாய்வை) குறைக்கலாம். உதறல் தொடங்கும் வேகம், வேகத்தைக் குறைக்கும்போது அடங்கும் வேகம் இரண்டையும் குறிக்க வேண்டும். அடங்கும் வேகம் பெரும்பாலும் தாழ்வாக இருக்கும். அதை விட்டால் முடிவு தவறாகும்.

கிங்பின்னை இறுக்கி உராய்வைக் கூட்டினாலும் உதறல் நிற்கும். ஆனால் ஸ்டியரிங் கனத்துப்போகும், திருப்பம் முடிந்தபின் தானே நேராகாது. தேய்ந்ததும் உதறல் திரும்ப வரும்.

———

ஐயா,

முதல் கடிதம் சொல்லும் ‘உதறல்’ எனக்கும் உடன்பாடே. ஆனால் கூடவே இன்னொரு சொல்லும் தேவை. இரு சக்கரங்களையும் இணைக்கும் திட அச்சில் ஒரு சக்கரம் ஏற, மற்றது இறங்க, அச்சே மாறிமாறிச் சாயும் ஆட்டம் தனி. அதை ‘அச்சுத் தத்தல்’ எனலாம். சுழலும் சக்கரம் சாய்ந்தால் கைரோ விளைவால் பக்கவாட்டில் திரும்பும். அப்படித் திரும்பினால் அச்சைச் சாய்க்கும். தத்தலும் உதறலும் ஒன்றையொன்று வளர்ப்பது இதனால்தான். ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால் 1934இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களுக்குத் தனித்தொங்கல் (ஒவ்வொன்றும் தனியே ஏறி இறங்கும்) முன்சக்கரங்களைக் கொண்டுவந்ததன் பயன் புரியாது. சக்கரம் அதிகம் சாயாமல் மேலேறியதால் அந்தப் பிணைப்பே அறுந்தது.

உதறலை அடக்கப் பொருத்தும் கருவிக்கு ‘உதறல் தடுப்பி’ வேண்டாம், ‘உதறல் தணிப்பி’ என்போம். அது ஆட்டத்தின் ஆற்றலை உராய்வாலோ எண்ணெயாலோ கரைக்கிறது. சக்கரம் திரும்புவதைத் தடுப்பதில்லை.