ரத்தம் நிறுத்தும் காஸ் துணி: பைராக், ஐடெக்ஸ் அரசு நிதி வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோவையில் மூன்று பேர் சேர்ந்து சின்ன நிறுவனம் நடத்துகிறோம். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானைப் பருத்தித் துணியில் ஏற்றி, ஆழமான காயத்துக்குள் திணித்து அழுத்தும் காஸ் செய்கிறோம். கைட்டோசானின் நேர்மின்னேற்றம் சிவப்பணுக்களை இழுத்து ஒட்டவைக்கும். போன வாரம் ஆட்டு ரத்தத்தில் போட்டுப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் துணி கெட்டிக் கூழாகி விரலோடு ஒட்டிக்கொண்டது. அன்று ராத்திரி யாருக்கும் தூக்கமே வரவில்லை.

என் மாமா ராணுவத்தில் நர்சிங் உதவியாளராக இருந்தவர். “ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரை ரத்தம் நிற்கணும், அவ்வளவுதான்” என்பார். அந்தப் பேச்சில் தொடங்கிய வேலை இது.

இப்போது பணம்தான் பிரச்சினை. உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு உதவும் மத்திய அரசு அமைப்பான பைராக்கின் ‘பிக்’ நிதித் திட்டத்தில் 18 மாதத்துக்கு 50 லட்சம் வரை கிடைக்கும். 2018-இல் சென்னை ராணுவக் கண்காட்சியில் தொடங்கிய, பாதுகாப்பு அமைச்சகத்தின் புதுமைத் திட்டமான ஐடெக்ஸில் 1.5 கோடி வரை தருகிறார்கள், ஆனால் நம் பங்கையும் போடவேண்டும். அதற்குக் கையில் காசு இல்லை.

ஆய்வகச் சோதனைக்கு பிக், களத்துக்கேற்ற பேக்கிங்குக்கு ஐடெக்ஸ் என்று பிரித்து விண்ணப்பித்தால் ஒரே பொருளுக்கு இரட்டை நிதி என்று தள்ளிவிடுவார்களா? நம் சொந்த யோசனையோடு விண்ணப்பிக்கும் ஐடெக்ஸ் ஓபன் சேலஞ்சில் மருத்துவப் பொருளோடு போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நம் பங்கை எப்படித் திரட்டினீர்கள்? அப்புறம், விலங்குச் சோதனைக்கு நெறிமுறைக் குழு அனுமதியோடு வெளியாருக்கும் செய்து தரும் ஆய்வகம் தமிழ்நாட்டில் தெரிந்தால் சொல்லுங்கள். ஒரு இடத்தில் நான்கு மாதம் காக்கவைத்து, கடைசியில் முடியாது என்றுவிட்டார்கள்.

கமெண்டில் எழுதினாலே போதும், நானே தொடர்புகொள்கிறேன்.