ஜோ ஹீனியைக் கேட்ட அனுபவம்

நேரில் கேட்ட பாடகர்களைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். நான் ஒலிப்பதிவில் மட்டுமே கேட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அயர்லாந்தின் கானமாரா பகுதியில், கார்னா என்ற ஊருக்கருகே 1919இல் பிறந்த நாட்டுப்புறப் பாடகர் ஜோ ஹீனி. 1984இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் காலமானார்.

நான் முதலில் கேட்டது இயேசு சிலுவையில் பட்ட பாடுகளைப் பற்றிய ஐரிஷ் மொழி ஒப்பாரி. என் செல்ல மகனைப் பார்த்தாயா என்று சீடர் பேதுருவிடம் இயேசுவின் தாய் மரியாள் கேட்கிறாள். சற்று முன்புதான் பகைவர் நடுவே கண்டேன் என்கிறார் அவர். அடிக்கடி 'ஓகோன்' என்று ஓர் ஓலம் வந்து விழுகிறது. பக்கவாத்தியம் இல்லை, தாளக்கட்டும் இல்லை. விருத்தம் பாடுவதைப் போலச் சொல்லின் போக்கிலேயே குரல் நீள்கிறது. நீளும்போது இடையிடையே பொடிப்பொடியான அசைவுகள். ஷான் நோஸ் என்கிற இந்தப் பழைய ஐரிஷ் பாணியில் பாடகர் அழுது காட்டுவதில்லை. ஹீனியும் குரலை உடைக்கவே இல்லை. நான்தான் உடைந்துபோனேன்.

இன்னொன்றும் கவனித்தேன். சில பாடல்களின் கடைசிச் சொற்களை அவர் பாடுவதில்லை; சாதாரணப் பேச்சாகச் சொல்லி முடித்துவிடுகிறார். பழைய ஷான் நோஸ் பாடகர்களின் வழக்கம் அது.

இப்படிப்பட்டவர் பிரிட்டனில் கட்டடக் கூலியாக உழைத்தார். 1965இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடினார். அதன்பின் நியூயார்க்கில் குடியேறி, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாயில்காப்பாளராக ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தார். எனக்கு இதை நினைத்தால் இன்றும் ஆற்றாமைதான். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தங்கிக் கற்பிக்கும் வாய்ப்பும், அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருதும் 1982இல்தான் வந்தன. அதற்குப்பின் அவருக்கு மிஞ்சியது இரண்டே ஆண்டுகள்.

புதிதாகக் கேட்பவர்கள், நாட்டுப்புறப் பாடகர்களான இவான் மக்கால், பெக்கி சீகர் தம்பதி 1960களில் பதிவு செய்து 2000இல் இரண்டு குறுந்தகடுகளாக வெளிவந்த தொகுப்பிலிருந்து தொடங்கலாம். அதில் பாட்டோடு அவருடைய பேச்சும் இருக்கிறது. பாட்டுக்குப் பின்னால் உள்ள கதையைச் சொல்லிவிட்டுப் பாடுவது அவருக்குப் பிடித்தமானது. பேச்சைத் தள்ளிவிட்டுக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். ஐரிஷ் புரியாதவர்கள் 'த ராக்ஸ் ஆஃப் பான்' என்ற ஆங்கிலப் பாடலை முதலில் கேளுங்கள். பாறை நிலத்தை உழ முடியாமல் தவிக்கும் உழவனின் பாட்டு அது. கானமாராவின் கல்லுக்காட்டில் பிறந்தவர் பாடுகிறார் என்பது முதல் அடியிலேயே தெரிந்துவிடும்.