ஐஸ் ஹாக்கி ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஆள் மார்க்: புள்ளி எடுக்காதவருக்கு எவ்வளவு போடுவது?

நீலக்கோடு எழுதியது:

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல் ஆட்டம் முடிந்த கையோடு ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடுவது கனடாப் பத்திரிகைகளில் வழக்கம். அதை ஒழுங்காகச் செய்ய ஒரு முறை வேண்டும். பயிற்சிக்கு 2024 ஸ்டான்லி கோப்பை இறுதியின் ஏழாவது ஆட்டத்தை எடுத்தேன். ஜூன் 24, ஃப்ளோரிடா 2, எட்மன்டன் 1. எட்மன்டனுக்கு மட்டும் மார்க் போட்டதில் இடிக்கிற இடங்கள் இவை.

கானர் மெக்டேவிடுக்கு அன்று கோலும் இல்லை, அசிஸ்ட்டும் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்) இல்லை. 4 போட்டேன். அன்றைக்கே அவருக்குச் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருது கொடுத்தார்கள். தப்பு என் மார்க்கிலா, விருதிலா?

நான்காவது லைனில் (சேர்ந்து இறங்கும் ஃபார்வர்ட் குழு) 8 நிமிடம் ஆடியவரையும், அதைப்போல மூன்று மடங்கு நேரம் ஆடிய டிஃபென்ஸ்காரரையும் ஒரே அளவுகோலால் அளப்பது எப்படி?

வலையைக் காக்கும் கோலிக்கு சேவ் சதவீதம் (வந்த ஷாட்களில் தடுத்த பங்கு) போதுமா?

கடைசியாக, ப்ளஸ்-மைனஸ் (ஒருவர் ஐஸில் நிற்கும்போது அணி அடித்த கோலுக்குக் கூட்டல், வாங்கியதற்குக் கழித்தல்), ஹிட் (உடலால் மோதல்), ப்ளாக் (ஷாட்டை உடலால் மறித்தல்) எல்லாவற்றையும் கூட்டி ஒரு சூத்திரம் போட்டுப் பார்த்தேன். 18 ஸ்கேட்டர்களில் (கோலி தவிர்த்த ஆட்டக்காரர்கள்) 14 பேர் 6-இலும் 7-இலும் வந்து குவிந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் பாஸ் போட்ட மாதிரி இருக்கிறது.

---

இரண்டாவது அசிஸ்ட் எழுதியது:

முதலில் விருதை ஓரமாக வையுங்கள். கான் ஸ்மைத் ஏழாவது ஆட்டத்துக்கான பரிசு இல்லை, பிளேஆஃப் முழுவதற்கும் ஆனது. மெக்டேவிட் 25 ஆட்டத்தில் 42 புள்ளி (கோலும் அசிஸ்ட்டும் சேர்த்து) எடுத்தார். அதில் 34 அசிஸ்ட், ஒரு பிளேஆஃபில் யாரும் அதற்குமுன் எடுத்ததில்லை. கடைசி இரண்டு ஆட்டங்களில் ஒன்றுமே இல்லை. தோற்ற அணியின் ஸ்கேட்டர் ஒருவருக்கு அந்த விருது போனது 1976-இல் ரெஜி லீச்சுக்குப் பிறகு அப்போதுதான். இரண்டும் வேறு வேறு கணக்கு, ஒன்றோடொன்று மோதவில்லை.

ஆனால் 'புள்ளி இல்லை, ஆகவே 4' என்பதும் மார்க் இல்லை. ஸ்கோர் அட்டையைப் பார்த்து எழுதிய நகல் அது. வரிசையை மாற்றுங்கள்: கண் முதலில், அட்டை கடைசியில்.

ஆட்டம் ஓடும்போது ஒரு தாளில் கடிகார நேரம், ஜெர்சி எண், ஒரு குறி, இவ்வளவுதான். கூட்டல் குறி என்றால் அவர் செய்ததால் நல்ல வாய்ப்பு பிறந்தது. கழித்தல் என்றால் அவர் செய்ததாலோ செய்யாததாலோ எதிரிக்கு வாய்ப்பு போனது. வாக்கியம் எழுத ஆரம்பித்தால் அடுத்த ஷிஃப்ட் (ஒருவர் ஒரு தரம் ஐஸில் இறங்கி நிற்கும் நேரம்) கண்ணில் படாது. ஷிஃப்ட் ஒன்று முக்கால் நிமிடம்தான். பீரியட் இடைவேளையில் குறிகளுக்கு விளக்கம் எழுதிக்கொள்ளலாம்.

'நல்ல வாய்ப்பு' எது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஸ்லாட்டிலிருந்து (வலைக்கு நேர் முன்னால் உள்ள இடம்) திறந்த ஷாட், கோலுக்கு முன்னால் ரீபவுண்ட் (கோலி மேல் பட்டுத் திரும்பியது), பிரேக்அவே (கோலியை நோக்கித் தனியாகப் போவது), குறுக்குப் பாஸ் வந்தவுடன் அடித்தது. தாக்கும் பகுதியின் எல்லையான நீலக்கோட்டிலிருந்து ஆளே மறைக்காமல் வரும் ஷாட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் அடித்தவருக்கு மட்டும் கூட்டல் போடாதீர்கள். பாஸ் கொடுத்தவர், மூலையில் பக்கை, அதாவது ரப்பர் வட்டைப் பிடுங்கியவர், கோலியின் கண்ணை மறைத்து நின்றவர், யார் இல்லாமல் அது நடந்திருக்காதோ அவர்களுக்கும் ஆளுக்கொன்று. வீடியோ பயிற்சிக்கு முன்னோடி, 'கேப்டன் வீடியோ' என்று பெயர் வாங்கிய ரோஜர் நீல்சன் இப்படித்தான் ஆள்வாரியாக வாய்ப்புகளை எண்ணினார். இன்றைக்கும் இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வாங்கிய கோல்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். பக் வலைக்குள் போன நொடியிலிருந்து 20 நொடி பின்னால் போய் அங்கிருந்து மூன்று தரம் பாருங்கள். முதல் தரம் பக்கை, இரண்டாம் தரம் பக் இல்லாத எதிரிகளை, மூன்றாம் தரம் உங்கள் பெஞ்சை. பெஞ்சை ஏன் என்றால், தப்பான நேரத்தில் லைன் மாற்றப் போனவர் கோல் விழும்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், மைனஸ் அவருக்கு இல்லை. அப்போதுதான் பலகையைத் தாண்டி உள்ளே குதித்தவர் தலையில் விழும். இரண்டாவது பீரியடில் பக்கம் மாறுவதால் சொந்தத் தற்காப்புப் பகுதி பெஞ்சிலிருந்து தூரமாகிவிடும், இந்தக் கூத்து அப்போதுதான் அதிகம்.

ஐசிங்கும் (நடுக்கோட்டுக்குப் பின்னாலிருந்து பக்கை எதிரியின் கோல்கோட்டைத் தாண்டி அடிப்பது) அதே மாதிரி. ஐசிங் செய்த அணி ஆள் மாற்ற முடியாது. ஏற்கெனவே மூச்சு வாங்கும் ஐந்து பேர் அப்படியே ஃபேஸ்ஆஃபுக்கு (பக்கைப் போட்டு ஆட்டத்தை மீண்டும் தொடங்குவது) நிற்கவேண்டும். அடுத்த பத்து நொடியில் கோல் விழுந்தால் களைத்த டிஃபென்ஸ்காரரைவிட, நெருக்கடி இல்லாமலே பக்கைத் தூக்கி அடித்தவருக்குத்தான் கழித்தல்.

ஒரு கோலுக்கு அதிகபட்சம் இரண்டு முழுக் குற்றம், ஒரு அரைக் குற்றம். ஐந்து பேருக்கும் பிரித்துக் கொடுத்தால் ப்ளஸ்-மைனஸையே வேறு பெயரில் எழுதியதாகும்.

---

கோல்வலை எழுதியது:

கோலியைப் பற்றி நான் சொல்லுறன். ரொறன்ரோவில் எந்த ரேடியோவைத் திருப்பினாலும் ஹொக்கி ஆட்டத்துக்கு அடுத்த நாள் கோலிக்குத்தான் திட்டு, அதிலை பாதி அநியாயம்.

சேவ் சதவீதம் ஒரு ஆட்டத்துக்குச் சரிவராது. நீங்கள் எடுத்த ஆட்டத்தையே பாருங்கோ. ஃப்ளோரிடாவின் செர்கே பொப்ரோவ்ஸ்கி 24 ஷொட்டில் 23 தடுத்தார். எட்மன்டனின் ஸ்டுவர்ட் ஸ்கின்னர் 21-இல் 19. ஒரேயொரு கோல் வித்தியாசம், ஆனால் சதவீதத்தில் 95.8-க்கும் 90.5-க்கும் மலையும் மடுவும்.

வாங்கின கோலை மூன்று பெட்டிக்குள் போடுங்கோ: தடுத்திருக்கவேணும், தடுத்திருக்கலாம், தடுக்க ஏலாது. அந்த ஆட்டத்தின் முதல் கோல், முதல் பீரியட் 4:27. எவன் ரொட்ரீகஸ் அடித்த ஷொட்டை கார்ட்டர் வெர்ஹேகி வலைக்கு முன்னால் நின்று திசை மாற்றிவிட்டார். அதுக்குக் கோலியின் மார்க்கை நான் குறைக்கமாட்டன். வலைக்கு முன்னால் அவரைத் தனிய விட்டது யார் என்றுதான் தேடுவன். இரண்டாவது பீரியட் 15:11-இல் சாம் ரைன்ஹார்ட் வலது வட்டத்திலிருந்து அடித்தது 'தடுத்திருக்கலாம்' பெட்டி. அதுக்கு ஒரு மார்க் குறையலாம், மூன்று மார்க் குறையாது.

தடுத்ததையும் பிரியுங்கோ. நெஞ்சிலை பட்டு நின்ற ஷொட்டுக்கும், ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் தள்ளிப் போய்ப் பிடித்ததுக்கும் ஒரே கணக்கு இல்லை. ரீபவுண்ட் எங்கே போகுது என்று பாருங்கோ: மூலைக்கென்றால் சரி, ஸ்லொட்டுக்கென்றால் அடுத்த ஷொட்டைத் தடுத்தாலும் அது அவரே தேடிக்கொண்ட வேலை. பிறகு பக்கைக் கையாளுறது. வலைக்குப் பின்னால் போய் பக்கை நிறுத்தி டிஃபென்ஸுக்கு விடுற கோலி, டிஃபென்ஸ்காரர் உடம்பிலை வாங்கவேண்டிய பல அடிகளை ஒரு இரவிலை மிச்சம் பிடிப்பார். இது எந்த அட்டையிலும் வராது.

எதிர்பார்ப்புக் கோல் மாதிரிகளை (ஒவ்வொரு ஷொட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுறவை) பார்க்கிறதென்றால் ஒன்றை மனதிலை வையுங்கோ. பொதுவிலை கிடைக்கிற மாதிரிகளுக்கு ஷொட் எங்கிருந்து, என்ன வகை, ரீபவுண்டா என்பது தெரியும். அதுக்கு முன்னால் குறுக்குப் பாஸ் வந்ததா, கோலிக்கு முன்னால் ஆள் மறைத்து நின்றாரா என்பது சரியாகத் தெரியாது. அந்த ஓட்டையை உங்கடை கண்தான் அடைக்கவேணும்.

ஆடாமல் உட்கார்ந்த இரண்டாவது கோலிக்கு மார்க் போடாதேங்கோ. போடுற ஆட்களும் இருக்கினம்.

---

ஃபென்விக் பாட்டி எழுதியது:

எண்களை இப்படி ஒதுக்குவதை ஒப்பமாட்டேன். கண்ணுக்கும் பிடித்தவர், பிடிக்காதவர் உண்டு. முந்தைய வாரம் சொதப்பியவரின் தப்பு மட்டும் கண்ணில் பளிச்சென்று படும். எண் அதைப் பிடித்து நிறுத்தும்.

ஆனால் எந்த எண் என்பதுதான் கேள்வி. ப்ளஸ்-மைனஸை முதலில் தூக்கிப் போடுங்கள். பவர்ப்ளேயில் (எதிரணியில் ஆள் தண்டனையில் வெளியே இருக்கும்போது) அடித்த கோலுக்கு ப்ளஸ் கிடையாது, பெனால்ட்டி கில்லில் (தன் அணி அப்படி ஆள் குறைந்து ஆடும்போது) வாங்கியதற்கு மைனஸ் கிடையாது. ஆனால் கோலியை வெளியே எடுத்து ஆறு பேரோடு ஆடும்போது காலி வலையில் விழுந்த கோலுக்கு மைனஸ் உண்டு. ஒரு கோல் பின்னால் இருக்கும்போது கடைசி இரண்டு நிமிடம் யாரை இறக்குவார்கள்? அணியின் சிறந்தவர்களைத்தான். நம்பி இறக்கியதற்குத் தண்டனை.

ஹிட் என்றாலே பக் உங்களிடம் இல்லை என்று அர்த்தம். அதோடு ஹிட்டையும் கிவ்அவேயையும் (பக்கை எதிரியிடம் பறிகொடுப்பது) எண்ணுபவர்கள் அந்தந்த அரங்கின் கணக்கர்கள், ஊருக்கு ஊர் தாராளம் வேறு. உங்கள் சூத்திரம் குவிந்ததற்கு இவையே பாதிக் காரணம்.

ஒரு ஆட்டத்துக்கென்றே செய்த எண் வேண்டுமானால் ஹாக்கி ஆய்வாளர் டாம் லுஷிஷின் 2016-இல் வெளியிட்ட கேம் ஸ்கோர் இருக்கிறது. கோலுக்கு 0.75, முதல் அசிஸ்ட்டுக்கு 0.7, இரண்டாவது அசிஸ்ட்டுக்கு 0.55, வலைக்குப் போன ஷாட்டுக்கு 0.075, ப்ளாக்குக்கு 0.05. பெனால்ட்டி வாங்கித் தந்தால் 0.15 கூடும், செய்தால் 0.15 குறையும். ஃபேஸ்ஆஃப் வென்றால் 0.01, தோற்றால் அதே அளவு கழியும். அவர் ஐஸில் இருக்கும்போது ஐந்துக்கு ஐந்தில் தன் அணியின் ஷாட் முயற்சி ஒன்றுக்கு 0.05, கோலுக்கு 0.15, எதிரணியின் முயற்சிக்கும் கோலுக்கும் அதே கழிவு. கோலிக்கு சேவுக்கு 0.1, வாங்கிய கோலுக்கு மைனஸ் 0.75.

போட்டுப் பார்ப்போம். ஒரு ஃபார்வர்ட்: 1 கோல், 1 முதல் அசிஸ்ட், 3 ஷாட், 1 ப்ளாக், வாங்கித் தந்த பெனால்ட்டி 1, முயற்சிகள் தன் அணி 12, எதிரணி 15, கோல்கள் தன் அணி 2, எதிரணி 1. கூட்டினால் 1.875. ஒரு டிஃபென்ஸ்காரர்: புள்ளி இல்லை, 2 ஷாட், 2 ப்ளாக், முயற்சிகள் தன் அணி 18, எதிரணி 12, கோல் இருபக்கமும் இல்லை. கூட்டினால் 0.55. எதிரியின் முதல் லைனை இரவு முழுக்க அடக்கியவர் அவராகவே இருக்கலாம், சூத்திரத்துக்குத் தெரியாது. ஆக, ஃபார்வர்டை ஃபார்வர்டோடும் டிஃபென்ஸை டிஃபென்ஸோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.

கோலியிலும் ஒரு கோணல். அன்றைய ஆட்டத்தில் பொப்ரோவ்ஸ்கிக்கு 2.3 மைனஸ் 0.75, அதாவது 1.55. ஸ்கின்னருக்கு 0.40. அதே ஸ்கின்னர் இரண்டே கோல் வாங்கி 36 தடுத்திருந்தால் 2.1. அணி மோசமாக ஆடி ஷாட் வாங்க வாங்கக் கோலிக்கு ஏறும்.

ஷாட் முயற்சிகளைப் பார்க்கும்போது ஸ்கோரையும் பாருங்கள். முன்னணியில் இருக்கிற அணி மூன்றாவது பீரியடில் பக்கை வெளியே தள்ளிவிட்டுப் பின்வாங்கும், பின்தங்கியது அடித்துக்கொண்டே இருக்கும். 2-1 என்று 24 நிமிடத்துக்கு மேல் நின்ற ஆட்டம் இது. கடைசி 20 நிமிட முயற்சிக் கணக்கை மட்டும் வைத்து எட்மன்டன்காரர்களுக்கு அள்ளி வழங்கிவிடாதீர்கள்.

---

நீலக்கோடு எழுதியது:

மெக்டேவிட் விஷயம் புரிந்தது, திரும்பப் பார்த்து வாய்ப்புகளை எண்ணுகிறேன். நிமிடக் கணக்கும் குவியலும் மட்டும் பாக்கி. எட்மன்டன் டிஃபென்ஸ்காரர் கோடி செசியின் கதையும் சொல்லுங்கள். அவர் கொடுத்த ஒரு நீளப் பாஸில்தான் மத்தியாஸ் யான்மார்க் தனியாகப் போய் 6:44-இல் சமன் செய்தார். அந்த ஒரு பாஸுக்கு எவ்வளவு?

---

இரண்டாவது அசிஸ்ட் எழுதியது:

செசிக்கு அது முழுக் கூட்டல். பாஸ் இல்லையென்றால் அந்த பிரேக்அவேயே இல்லை. 2 நிமிடம் 17 நொடிக்கு முன்னால்தான் கோல் வாங்கியிருந்தார்கள் என்பதை மார்க்கில் சேர்க்காதீர்கள், அது வர்ணனையாளர் சேர்க்க வேண்டியது. ஒரு பாஸால் 5 என்பது 6 ஆகும், 8 ஆகாது. மீதி ஷிஃப்ட்களில் நீலக்கோட்டில் எத்தனை பேரை நிறுத்தினார், சொந்தப் பகுதியிலிருந்து பக்கை எத்தனை தரம் பாஸாகக் கொண்டுவந்தார், எத்தனை தரம் சும்மா கண்ணாடியோரம் தள்ளினார் என்று எண்ணுங்கள். டிஃபென்ஸ்காரரின் மார்க் அங்கேதான் இருக்கிறது, அதை லீகின் அட்டை தராது.

நிமிடத்துக்கு நான் வைத்திருக்கும் விதி: எல்லாருக்கும் தொடக்கம் 5, 'தன் வேலையைச் செய்தார்' என்று பொருள். 8 நிமிடத்துக்குக் கீழே ஆடியவருக்கு 4 முதல் 6 வரைதான், நேரடியாக ஒரு கோலில் கை இருந்தால் ஒழிய. 8 முதல் 15 நிமிடம் என்றால் 3 முதல் 7. அதற்கு மேலே முழு அளவுகோலும் திறந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் நல்லவனா கெட்டவனா என்று காட்டப் போதிய ஷிஃப்ட் இல்லை, அவ்வளவுதான். பெனால்ட்டி கில்லில் இரண்டு மூன்று நிமிடம் நின்றவரை மட்டும் தனியாகப் பாருங்கள், அவருடைய ஒரு நிமிடம் மற்றவரின் இரண்டு.

குவியலுக்கு மருந்து: மார்க் போடுவதற்கு முன் 18 பேரையும் முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக எழுதுங்கள். இவரா அவரா என்று இரண்டிரண்டு பேராக ஒப்பிட்டால் வரிசை வந்துவிடும். பிறகு மேலே இருவருக்கு 7, 8, கீழே இருவருக்கு 3, 4 என்று நங்கூரம் போட்டு நடுவை நிரப்புங்கள். 9 என்ற மார்க் மாதத்துக்கு ஒன்று இரண்டு போதும். அரை மார்க் வேண்டாம், தீர்மானிக்க மனமில்லாதபோதுதான் அது வருகிறது.

பெனால்ட்டிகளையும் பிரிக்க மறக்காதீர்கள். ஐஸின் நீளம் 200 அடி. எதிரியின் மூலையில், சொந்த வலையிலிருந்து அத்தனை தூரத்தில், சோம்பலாக ஸ்டிக்கை நீட்டி ஹூக்கிங் வாங்கியவரும், பிரேக்அவேயை நிறுத்த வேறு வழியில்லாமல் இழுத்தவரும் ஒன்றில்லை. முதலாமவருக்கு கோல் விழாவிட்டாலும் கழித்தல் உண்டு.

---

கோல்வலை எழுதியது:

ஒரு சின்ன விசயம். அசிஸ்ட்டுகளை ஆட்டம் முடிந்த பிறகும் திருத்துவினம், சிலவேளை அடுத்த நாளும். ராத்திரியே பதிவிடுறதென்றால் வாய்ப்புக் குறிப்பிலிருந்து எழுதுங்கோ, அட்டையிலிருந்து எழுதின வரிதான் காலையிலை பிழையாகி நிற்கும்.