மாத மளிகையா, அன்றாடம் வாங்குவதா: வீட்டுக் குப்பை எதில் குறையும்?

மாடித்தோட்டம்:
ஒரு மாதமாக எங்கள் வீட்டுக் குப்பையைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். சென்னையில் நாலு பேர் உள்ள வீடு. மக்கும் குப்பை 31 கிலோ, மக்காதது 5 கிலோ. தோல், காம்பு, டீத்தூள் எல்லாம் மாடியில் உரமாகிவிடும், அதைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் அந்த 31-ல் கிட்டத்தட்ட 7 கிலோ, காசு கொடுத்து வாங்கி, சமைக்காமலேயே அழுகிப்போன காயும் கீரையும். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளிப்போட்டு வந்தவை. இப்போது அரிசி, பருப்பு மட்டும் மாதத்துக்கு ஒருமுறை, காய் மூன்று நாளைக்கு ஒருமுறை, கிளம்பும் முன் ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்காமல் லிஸ்ட் எழுதுவதில்லை. எல்லாரும் இப்படி வாங்க ஆரம்பித்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கட்சி.

கணக்குப்பிள்ளை:
உங்கள் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பிஸ்கட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றச் சொன்னது நானா? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோதே, ஆலையில் அடைத்து வரும் உறைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். தள்ளுவண்டிக்காரர் கையிலிருந்த கேரி பேக்கைப் பிடுங்கினார்கள், பெரிய கம்பெனியை அப்போது தொடவில்லை, 2020-இல்தான் அந்த விலக்கை நீக்கினார்கள். தயாரிப்பவர் மேல் போடவேண்டிய பாரத்தை வீட்டில் லிஸ்ட் எழுதுகிறவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. அப்புறம், நானும் மனைவியும் வேலை முடிந்து வீடு சேர இரவு எட்டரை ஆகிறது, மூன்று நாளைக்கு ஒருமுறை காய்க்கடைக்கு யார் போவது?

மாடித்தோட்டம்:
கம்பெனியை விடச் சொல்லவில்லை சகோ. உறை அவர்கள் பொறுப்பு, சரி. அழுகிய கத்தரிக்காய் யார் பொறுப்பு? ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகம் வீணடித்த உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து. இந்தப் பங்கை எந்தச் சட்டம் போட்டும் குறைக்க முடியாது, நாம்தான் குறைக்கவேண்டும்.

அடுப்பங்கரை:
இரண்டு பேரும் மாதச் சம்பளக்காரர்களாகவே பேசுகிறீர்கள். என் அம்மா தினக்கூலி. வாழ்நாள் முழுக்க அன்றாடம்தான் வாங்கினார்: கால் கிலோ தக்காளி, ஐம்பது கிராம் பருப்பு, கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலை. எங்கள் வீட்டில் அழுகி எறிந்த காய் என்று ஒன்று கிடையாது, வாங்கியது அன்றைக்கே தீர்ந்துவிடும். ஆனால் ஷாம்பு, காபித்தூள், ஊறுகாய் எல்லாம் சாஷேதான், ஏனென்றால் பெரிய பாட்டிலுக்கு மொத்தமாகக் கொடுக்கப் பணம் இருக்காது. பால் கவரையாவது காயலான் கடையில் எடுப்பார்கள், பல அடுக்கு சாஷேயை யாரும் சீண்டமாட்டார்கள், கடைசியில் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குத்தான் போகும். அதனால் 'அன்றாடம் வாங்கு', 'மொத்தமாக வாங்கு' என்று ஒரே விதியை எல்லாருக்கும் சொல்லாதீர்கள். அழுகுவதைக் கொஞ்சமாக வாங்கலாம், அழுகாததை முடிந்தவர்கள் பெரிதாக வாங்கலாம். முடியாதவர்களுக்கு, அவர்கள் கொண்டுபோகும் பாட்டிலிலேயே பத்து ரூபாய்க்கு ஊற்றிக் கொடுக்கும் கடை வரவேண்டும். அதைக் கேட்டு வாங்கித் தரவேண்டியது வசதி உள்ளவர்கள்தான்.

மாடித்தோட்டம்:
அக்கா, இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. என் விதியைத் திருத்திக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
அடுப்பங்கரை சொல்வது சரி. ஆனால் பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணிப்பை என்று சொல்கிறார்களே, அதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018-இல் போட்ட கணக்கில், வெப்பமயமாதலை மட்டும் பார்த்தால்கூட, ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 தடவை பயன்படுத்தினால்தான் சாதாரணப் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். எங்கள் வீட்டு அலமாரியில் 20 துணிப்பை கிடக்கிறது. எல்லாம் விழாக்களில் கொடுத்தது, பாதிக்கு மேல் ஒருமுறைகூட வெளியே வரவில்லை.

அடுப்பங்கரை:
52 என்பது பெரிய எண்ணா தம்பி? வாரம் ஒருமுறை எடுத்துப்போனால் ஒரே வருடம். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சப்பையை எங்கள் பாட்டி காது அறுந்தால் தைத்து வருடக்கணக்கில் வைத்திருந்தார். பை தப்பில்லை, 20 பை சேர்வதுதான் தப்பு. இரண்டை வண்டிப் பெட்டியில் போட்டுவைத்து, மீதியைத் தெருமுனைக் காய்க்காரம்மாவிடம் கொடுங்கள். ரேஷன் கடைக்கு நாம் எல்லாரும் பையோடுதானே போகிறோம்? அங்கே பை இல்லாவிட்டால் அரிசி இல்லை என்று தெரியும், அதனால் மறப்பதில்லை. எல்லாக் கடையும் அப்படி இருந்துவிட்டால் பழகிவிடும்.

கணக்குப்பிள்ளை:
வண்டிப் பெட்டி யோசனை நல்லது, நாளைக்கே செய்கிறேன். கம்பெனி உறையைத் திருப்பி எடுக்கவேண்டும் என்பதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். நீலகிரியில் காட்டிலும் ஓடையிலும் பாட்டிலை வீசாமலிருக்க, மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். எண்ணெய் கவருக்கும் அதையே செய்யலாம், காடும் ஓடையும் மட்டுமில்லை, நம் தெருச் சாக்கடையும் பிழைக்கும்.

மாடித்தோட்டம்:
அதில் நானும் உங்கள் பக்கம்தான். இன்னொன்று கேட்கிறேன், இரவு எட்டரைக்கு வீடு சேர்கிறவர்களுக்காக: கீரையை மூன்று நாள் வாடாமல் எப்படி வைக்கிறீர்கள்?

அடுப்பங்கரை:
வேரை வெட்டி, கழுவாமல் ஈரம் போக உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி ஃபிரிட்ஜின் காய்த்தட்டில் வையுங்கள். முளைக்கீரை இரண்டு நாள்தான் தாங்கும், முருங்கைக்கீரையை வாங்கிய அன்றே உருவிவிடுங்கள்.