நம் குடியுரிமை பரலோகத்தில் என்றால், வாழ்கிற தேசம் நமக்கு என்ன?

கேள்வி

அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம். சென்ற வாரம் ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரர் நாட்டுக்காகவும் அதை ஆளுகிறவர்களுக்காகவும் மன்றாடி முடித்ததும், மூத்தவர் ஒருவர், "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" என்ற பிலிப்பியர் 3:20ஐ எடுத்துக்காட்டி, "நம்முடைய தேசம் பரலோகம், கடந்துபோகிற இந்த நாட்டைப் பற்றி நமக்கென்ன?" என்றார். ஜெபித்தவர் தலைகுனிந்து வேதாகமத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது இன்னும் என் கண்முன் நிற்கிறது. அந்த வசனம் எனக்கும் உயிரானது. ஆனால் ஜெபிக்கிறவரின் வாயை அடைப்பதற்காக அது எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மறுபுறம், தேசத்தின் கொடியையும் கிறிஸ்துவின் சிலுவையையும் ஏறக்குறைய ஒன்றாகவே போற்றுகிற விசுவாசிகளைப் பார்க்கும்போதும் மனம் கலங்குகிறது. இதை வேதத்தின்படி எப்படிப் புரிந்துகொள்வது?

முதல் பதில்

அப்போஸ்தலனாகிய பவுல் அந்த வசனத்தை யாருக்கு எழுதினார் என்பதிலிருந்து தொடங்கலாம், சகோதரரே. பிலிப்பி, மக்கெதோனியாவில் இருந்த ரோமக் குடியேற்ற நகரம். கி.மு. 42இல் அதனருகே நடந்த போருக்குப் பின், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களுக்கு நிலம் கொடுத்து அங்கே குடியமர்த்தினார்கள். பழைய மொழிபெயர்ப்பு 'குடியிருப்பு' என்றும் திருவிவிலியம் 'தாய்நாடு' என்றும் தருகிற இடத்தில், மூலத்திலுள்ள 'பொலிட்டியூமா' என்ற கிரேக்கச் சொல் குடியுரிமை சார்ந்தது. ரோமக் குடியுரிமையைப் பெருமையாகக் கருதிய ஊரில் அது எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குடியேறிய அந்த வீரர்கள் ரோமுக்குத் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டு சும்மா இருந்தவர்கள் அல்லர். அவர்கள் ரோமின் சட்டத்தையும் வழக்கத்தையும் தூர தேசத்தில் நிலைநாட்ட வேண்டியவர்கள். அதே வசனம், இரட்சகர் 'அங்கிருந்து' வர எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்வதையும் கவனியுங்கள். இங்கிருந்து தப்பிப்போவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இதை எழுதிய பவுல், அதே பிலிப்பியில் விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறையில் கிடந்தவர். மறுநாள் காலையில் அதிகாரிகள் அவரைச் சத்தமில்லாமல் அனுப்பிவிட முயன்றபோது, ரோமராகிய எங்களை வெளியரங்கமாய் அடித்தவர்கள் தாங்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்று மறுத்தார். பரலோகத்தின் குடிமகனாக இருந்தும், பூமியின் குடியுரிமை நீதிக்கு உதவும் இடத்தில் அதைப் பயன்படுத்த அவர் தயங்கவில்லை.

இரண்டாம் பதில்

சகோதரர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஏக்கத்தை முற்றிலும் கடமையாக மாற்றிவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். எபிரெயர் 11, முற்பிதாக்கள் தங்களை அந்நியரும் பரதேசிகளும் என்று அறிக்கையிட்டதாகவும், விட்டுவந்த தேசத்துக்குத் திரும்பச் சமயம் இருந்தும் அதைவிட மேன்மையான பரம தேசத்தையே விரும்பினதாகவும் சொல்கிறது. பேச்சு வழக்கில் 'பரதேசி' வசைச்சொல்லாகிவிட்டது வருத்தமானது. வேதத்தில் அது விசுவாசத்தின் அறிக்கை.

ஆதியாகமம் 23ஐ வாசியுங்கள். ஆபிரகாமின் மனைவி சாராள் மரித்துக் கிடக்கிறாள். தேசம் முழுவதையும் வாக்குத்தத்தமாகப் பெற்ற ஆபிரகாமுக்கு, அவளை அடக்கம்பண்ணச் சொந்தமாக ஓரடி நிலமும் இல்லை. நான் உங்களிடத்தில் அந்நியன் என்று அவ்வூராராகிய ஏத்தின் புத்திரருக்கு முன்பாகச் சொல்லி, நிலத்துக்குச் சொந்தக்காரனான எப்பெரோன் அதைச் சும்மா தருவதாகச் சொன்னபோதும் அப்படிப் பெற மறுத்து, நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக்கொடுக்கிறான். பரதேசியாக இருந்தவன் அந்த ஊராரை எவ்வளவு மரியாதையோடும் நேர்மையோடும் நடத்தினான் என்பதே என்னை ஒவ்வொரு முறையும் தொடுகிறது.

என் தாயார் இறுதி நாட்களில், "வீட்டுக்குப் போகிறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் படுக்கையருகே உட்கார்ந்த எனக்குப் பரம தேசம் வெறும் உவமையாகத் தோன்றவில்லை. ஆனால் பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி அதே வாயால்தான் என்னை ஏவினார்.

மூன்றாம் பதில்

கொடியையும் சிலுவையையும் பற்றி நீங்கள் எழுதியதற்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். 410இல் ரோம் சூறையாடப்பட்டபோது, பழைய தெய்வங்களைக் கைவிட்டதே காரணம் என்று பலர் கிறிஸ்தவர்களைக் குற்றம்சாட்டினார்கள். அதற்கு மறுமொழியாகச் சபைப் பிதாவான அகுஸ்தீன் 22 பாகங்களில் எழுதிய 'கடவுளின் நகரம்', பேரரசின் வீழ்ச்சியைத் தேவனுடைய ராஜ்யத்தின் வீழ்ச்சியாக எண்ண மறுக்கிறது. பரம நகரம் பூமியில் யாத்திரை செய்யும் காலத்தில் எல்லா இனங்களிலிருந்தும் மொழிகளிலிருந்தும் தன் குடிகளைச் சேர்க்கிறது என்றும், பூமியின் சமாதானத்தையும் அது பயன்படுத்திக்கொள்கிறது என்றும் அவர் எழுதுகிறார். நாட்டை நேசிக்கலாம், அதற்காக எல்லைக்கு அப்பால் இருக்கிற உடன்விசுவாசியை வெறுக்கச் சொன்னால், அங்கே நாடு சிங்காசனத்தில் ஏறிவிட்டது என்றுதான் பொருள்.

ஜெபித்த அந்தச் சகோதரருக்கு எரேமியா 29:7ஐக் காட்டுங்கள். பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களிடம், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணும்படி கர்த்தரே சொன்னார்; எழுபது வருஷத்துக்குப் பின் திரும்பிவரப்பண்ணுவேன் என்ற வாக்குறுதியும் அதே கடிதத்தில் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. எரேமியாவின் கடிதத்தை முழுவதுமாக இன்றுதான் வாசித்தேன். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்பதும் அதில்தான் வருகிறது. அடுத்த கூட்டத்தில் அந்த அதிகாரத்தை வாசிக்க அனுமதி கேட்கிறேன். மூத்தவரிடம் முதலில் தனியாகப் பேசிவிடுகிறேன். அவரும் அண்மையில்தான் மனைவியை அடக்கம்பண்ணினார்.